ஓடும் வண்டியில் கருகல் வாடை: காரணமும் பரிகாரமும்

நெசவாளர் சங்கங்களிலும் விவசாய விற்பனைச் சங்கங்களிலும் பல இன்று சொந்தமாகவோ வாடகைக்கோ சரக்கு வண்டி வைத்து நடத்துகின்றன. நூற்பாலையிலிருந்து நூல் மூட்டைகளை ஏற்றி வருதல், நெய்த ஜவுளியைக் கோ-ஆப்டெக்ஸ் கிடங்கில் சேர்த்தல், பருத்தியையும் மஞ்சளையும் ஏல நிலையத்துக்குக் கொண்டு செல்லுதல் ஆகியவை இவ்வண்டிகளின் அன்றாட வேலைகளாம். இச்சரக்குகளுள் பெரும்பாலானவை எளிதில் தீப்பற்றக் கூடியவை. ஒரு வண்டி நூல் என்பது பல தறிகளுக்குப் பல நாள் வேலை. அது சாலையில் எரிந்து போனால் சரக்கின் நஷ்டம் சங்கக் கணக்கில் எழுதப்படும். கூலி நஷ்டமோ தறிக்குழியில் அமர்ந்திருப்பவரைச் சேரும். வண்டியில் செல்வோரின் உயிரை எந்தக் கணக்கிலும் எழுத இயலாது.

மோட்டார் வண்டியில் தீ பெரும்பாலும் சொல்லாமல் வருவதில்லை. ஜுவாலை தோன்றுமுன் புகை எழும். புகை கண்ணுக்குப் புலப்படுமுன் வாடை மூக்கை எட்டும். ரப்பர், பிளாஸ்டிக், எண்ணெய், பஞ்சு ஆகிய எதுவாயினும், தீப்பற்றும் அளவுக்குச் சூடேறும் முன்பே சிதையத் தொடங்கி ஆவியை வெளிவிடுகிறது. அந்த ஆவியே நாம் உணரும் கருகல் வாடை. பொருளுக்குப் பொருள் ஆவி வேறுபடுவதால் வாடையும் வேறுபடுகிறது. ஆகவே வாடையின் இனத்தை அறிந்தவர், கோளாறு இருக்கும் இடத்தையும் ஏறக்குறைய அறிந்தவராவார்.

ஆயினும் நடைமுறையில் நிகழ்வது வேறு. வாடை வருவதை வண்டியோட்டி உணர்கிறார். ஆனால் சரக்கு குறித்த நேரத்தில் சேர வேண்டுமே என்ற கவலையால், “ஊர் போய்ச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம்” என்று வண்டியைத் தொடர்ந்து ஓட்டுகிறார். அந்தப் பத்து இருபது கிலோமீட்டரில்தான் சிறு கோளாறு பெருஞ்சேதமாக வளர்கிறது. வாடை வந்தால் முதலில் வண்டியை நிறுத்துதல் வேண்டும், காரணத்தை அதன்பின் ஆராய்தல் வேண்டும் என்பதையே இக்கட்டுரை வலியுறுத்த விரும்புகிறது.

நிறுத்தும் முறை

வாடை வெளியிலிருந்தும் வரலாம். முன்னே செல்லும் லாரியின் பிரேக்கோ, சாலையோரம் எரியும் குப்பையோ காரணமாக இருக்கலாம். அதை உறுதி செய்வதற்கும் வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்ப்பதே வழி. நிறுத்துமுன் எதிரிலுள்ள கருவிகளை ஒருமுறை நோக்குக. வெப்பமானியின் முள் ஏறியிருக்கிறதா, பாட்டரி விளக்கோ எண்ணெய் விளக்கோ சிவப்பாக எரிகிறதா என்பவை பின்னர் காரணத்தை அறிய உதவும்.

வண்டியைச் சாலையின் இடப்புறம் ஓரமாக, கூடுமானவரை சமதரையில் நிறுத்த வேண்டும். உலர்ந்த புல், சருகு, வைக்கோல் ஆகியவற்றின் மேல் நிறுத்தலாகாது. வண்டியின் அடியிலுள்ள புகைக்குழாயின் சூடே அவற்றைப் பற்ற வைத்துவிடும். பெட்ரோல் நிலையத்துக்குள் செலுத்துதலும் கூடாது. இஞ்சினை அணைத்து, எச்சரிக்கை விளக்குகளைப் போட்டு, அனைவரும் இறங்கிச் சாலையை விட்டு விலகி நிற்க வேண்டும். பிரேக்கிலிருந்து வாடை வருவதாக ஐயம் இருந்தால் கை பிரேக்கை இழுத்துப் பூட்டாமல், கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து நிறுத்துக. மின்கம்பி கருகும் வாடையானால் எச்சரிக்கை விளக்கையும் போடாமல் முக்கோணப் பலகையைப் பின்னால் வைக்க வேண்டும்.

வாடையின் வகைகள்

ரப்பர் தீயும் வாடை: இது இஞ்சின் பக்கமிருந்து வந்தால், பேன் பெல்ட் என்னும் ரப்பர்ப் பட்டை வழுக்குகிறது என்று கொள்ளலாம். கூடவே கிறீச்சென்ற ஒலியும் கேட்கும். பட்டை தளர்ந்திருக்கலாம், அல்லது அது சுழற்ற வேண்டிய டைனமோவோ தண்ணீர்ப் பம்போ இறுகி நின்றிருக்கலாம். பல வண்டிகளில் தண்ணீர்ப் பம்பும் இப்பட்டையாலேயே இயங்குவதால், பட்டை அறுந்தால் இஞ்சின் விரைவில் கொதிக்கும். பட்டையை இறுக்குவதோ மாற்றுவதோ சிறு வேலைதான். சக்கரப் பக்கமிருந்து இவ்வாடை வந்தால் டயரைப் பார்க்க வேண்டும். அளவுக்கு மேல் பாரம் ஏற்றியதால் ஸ்பிரிங் தாழ்ந்து டயர் மட்கார்டில் உரசக் கூடும். காற்றுக் குறைந்த டயரும் மடிந்து மடிந்து ஓடுவதால் சூடேறும். பாரத்தைக் குறைத்துக் காற்றைச் சரிசெய்யாமல் அவ்வண்டியை ஓட்டலாகாது.

பழைய காகிதம் கருகும் வாடை: இது பெரும்பாலும் கிளச்சிலிருந்து வருவது. மேட்டில் ஏறும்போதும், நெரிசலில் நின்று நின்று செல்லும்போதும் தோன்றும். இஞ்சின் வேகமாகச் சுழன்றும் வண்டி வேகம் கொள்ளாவிட்டால் கிளச் தகடு வழுக்குகிறது என்பது தெளிவு. ஓட்டும்போது இடது காலைக் கிளச் மிதியின் மேலேயே வைத்திருப்பதும், மேட்டில் வண்டியை அரைக் கிளச்சில் தாங்கி நிறுத்துவதும் இதற்கு முக்கிய காரணங்கள். சூடு ஆறும்வரை அரை மணி நேரம் நிறுத்தி வைத்து, பிறகு நிதானமாக ஓட்டிச் சென்று கிளச்சைச் சரிபார்க்க வேண்டும். ஒரு சங்கத்தின் செலவுச் சீட்டுகளைத் தணிக்கை செய்தபோது, ஒரே ஆண்டில் மூன்று முறை கிளச் தகடு மாற்றப்பட்டிருந்ததைக் கண்டேன். தகட்டின் தரத்தைப் பற்றிக் கடைக்காரரோடு கடிதப் போக்குவரத்து நடந்திருந்ததே ஒழிய, மிதியின் மேல் கால் இருப்பதை எவரும் கவனிக்கவில்லை. அப்பழக்கம் திருத்தப்பட்ட பின் தகடு மாற்றும் அவசியம் அடுத்த ஆண்டு முழுவதும் ஏற்படவில்லை.

நெடியுள்ள காரமான வாடை: இது பிரேக் லைனிங் கருகுவதன் அறிகுறி. கை பிரேக்கை விடுவிக்காமல் ஓட்டுதல், ஒரு சக்கரத்தின் பிரேக் இறுகிப் பிடித்துக்கொள்ளுதல், மலைச்சரிவில் பிரேக்கை ஓயாமல் மிதித்தல் என மூன்று காரணங்கள் உண்டு. இறங்கிச் சென்று ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டு செல்க, தொடுதல் கூடாது. ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிடச் சுட்டால் அங்கே பிரேக் பிடித்திருக்கிறது என்றும், எல்லாம் ஒருசேரச் சுட்டால் பிரேக் மிகையாகப் பயன்படுத்தப்பட்டது என்றும் அறியலாம். சூடேறிய டிரம்மின் மேல் தண்ணீர் ஊற்றினால் அது வெடித்துவிடும். தானே ஆற விட வேண்டும். இறுகிப் பிடித்த பிரேக்கைச் சரிசெய்யாமல் பயணத்தைத் தொடரலாகாது.

மலைச்சரிவைப் பற்றி இங்கே சற்று விளக்குவது அவசியம். சரக்குடன் 3,000 கிலோ எடையுள்ள ஒரு வண்டி 300 மீட்டர் உயரத்திலிருந்து பிரேக்கை மட்டுமே நம்பி இறங்குவதாகக் கொள்வோம். அப்போது பிரேக்குகள் ஏற்க வேண்டிய வெப்பம், சுமார் 30 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. கொல்லிமலைப் பாதையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும், திம்பம் மலைப்பாதையின் 27 வளைவுகளிலும் சரக்குடன் இறங்குவோர் இக்கணக்கை நினைவில் வைத்தல் நலம். அச்சூட்டில் லைனிங் கருகுவதோடு பிரேக் ஆயிலும் கொதிக்கத் தொடங்கும். டாட் 3 என்னும் வகையைச் சேர்ந்த புதிய பிரேக் ஆயில் குறைந்தது 205 டிகிரி சென்டிகிரேடு வரை கொதிக்காமல் தாங்கும். ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. நாள்பட்ட ஆயில் 140 டிகிரி அளவிலேயே கொதித்துக் குழாயில் ஆவிக் குமிழிகள் உண்டாகலாம். அப்போது மிதி தரைவரை இறங்கும், வண்டி நிற்காது. ஆகையால் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றுதல் வேண்டும். எந்தக் கியரில் ஏறுகிறோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்பது அனுபவசாலிகள் வகுத்த விதி. டீசலை மிச்சப்படுத்த எண்ணி இஞ்சினை அணைத்து நியூட்ரலில் இறங்குவது உயிரைப் பணயம் வைப்பதாகும்.

எண்ணெய் தீயும் வாடை: இஞ்சின் மூடியின் கேஸ்கெட் வழியே கசியும் எண்ணெய் சூடான புகைக்குழாயில் சொட்டும்போது இவ்வாடை எழும். எண்ணெய் மாற்றிய மறுநாள் மட்டும் வந்தால், ஊற்றும்போது வெளியே சிந்தியதாக இருக்கலாம். எண்ணெய் மூடி சரியாகத் திருகப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இஞ்சின் ஆறியபின் அளவுகோலை எடுத்து எண்ணெயின் மட்டத்தை அறிக. குறைந்திருந்தால் ஊற்றி, கசிவு சொற்பமானால் மட்டுமே அருகிலுள்ள பட்டறைவரை செல்லலாம். துடைத்துவிட்டு மறந்துவிடுதல் பரிகாரமன்று; கேஸ்கெட்டை மாற்றுதலே பரிகாரம்.

இனிப்பான வாடை: சர்க்கரைப் பாகு காய்வது போன்ற இவ்வாடை ரேடியேட்டர் கூலன்ட் கசிவதைக் காட்டும். வெப்பமானியின் முள்ளும் ஏறியிருக்கும். சூடாக இருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் அடைபட்டுள்ள கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஆற விட்டு, மூடியைத் தொட்டுப் பார்த்துத் திறந்து, குறைந்த அளவை நிரப்ப வேண்டும். கூலன்டில் பெரும்பாலும் கலந்துள்ள எதிலின் கிளைகால் கொடிய நஞ்சு, சுவையோ இனிப்பு. தரையில் சிந்தியதை நாயும் கால்நடையும் நக்கிவிடாதபடி மண் போட்டு மூடி அப்புறப்படுத்த வேண்டும்.

பிளாஸ்டிக் தீயும் வாடை: எல்லாவற்றிலும் இதுவே அவசரமானது. மின்கம்பியின் மேலுறை கருகுகிறது என்பது இதன் பொருள். சில வேளைகளில் மீன் வாடை போலவும் இருக்கும். உடனே இஞ்சினை அணைத்துச் சாவியை எடுக்க வேண்டும். புகையில்லாதிருந்தால் மட்டும் பானெட்டைத் திறந்து, பாட்டரியின் மைனஸ் முனையை முதலில் கழற்றுக. மெக்கானிக் வந்து பார்க்கும்வரை மீண்டும் இணைக்கலாகாது.

மின்கோளாறுக்குப் பெரும்பாலும் பியூஸைப் பற்றிய அறியாமையே காரணம். 60 வாட் விளக்குகள் இரண்டு 12 வோல்ட்டில் எரிய 10 ஆம்பியர் மின்சாரம் தேவை. அக்கம்பி தாங்கும் அளவுக்கு ஏற்ற பியூஸ் ஒன்றை வண்டி செய்தவர்கள் வைத்திருக்கிறார்கள். மின்சாரம் மிகுந்தால் கம்பி உருகுவதற்கு முன் பியூஸ் உருகிக் காக்கும். அது அடிக்கடி உருகுகிறதென்று செப்புக் கம்பியைச் செருகினால், அடுத்த முறை உருகுவது வண்டிக்குள் ஓடும் கம்பியாக இருக்கும். அலங்கார விளக்கு, கூடுதல் ஹாரன், பாட்டுப் பெட்டி ஆகியவற்றை இருக்கும் கம்பியிலேயே ஒட்டுப் போடுவதும், எலி கடித்த கம்பியை அப்படியே விடுவதும் இதே விளைவைத் தரும்.

பச்சை டீசல் அல்லது பெட்ரோல் வாடை: இது கருகல் வாடை அன்றாயினும் அதனினும் அபாயமானது. குழாயில் கசிவு உண்டு என்று அறிந்து, இஞ்சினை மீண்டும் இயக்காமலும், பீடி சிகரெட் பற்ற வைக்காமலும் விலகி நிற்க வேண்டும். எரிவாயுவில் ஓடும் வண்டியானால் சிலிண்டரின் வால்வை மூட வேண்டும்.

விளைச்சலால் வரும் தீ

வண்டியில் எக்கோளாறும் இல்லாமலே கருகல் வாடை வருவதற்கு ஒரு காரணம் உண்டு. அது விவசாய அங்கத்தினர்களின் கையில் இருப்பதால் தனியே கூறுகிறேன். கொள்ளு, உளுந்து, கேழ்வரகு முதலியவற்றை அறுத்து, வண்டிகளின் சக்கரத்தில் மிதிபடட்டும் என்று தார்ச் சாலையில் பரப்பும் வழக்கம் பல மாவட்டங்களில் இருக்கிறது. களத்து வேலை மிச்சம் என்பது எண்ணம். ஆனால் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சிறு சரக்கு வண்டியின் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 500 முறை சுழல்கிறது. அதற்குச் சுழற்சியைக் கொண்டு வரும் தண்டு இன்னும் வேகமாகச் சுழலும். உலர்ந்த கொடியும் தாளும் அத்தண்டில் கயிறு போல் சுற்றிக்கொண்டு உரசிச் சூடேறுகின்றன. அருகிலேயே புகைக்குழாய் இருக்கிறது. இக்கால வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்யும் கருவி ஒன்று அக்குழாயில் பொருத்தப்பட்டுள்ளது. அது வேலை செய்யும்போது உள்ளே 400 டிகிரிக்கு மேல் சூடாகிறது. உலர்ந்த தாள் அதற்கும் குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும்.

அத்தகைய சாலையில் செல்ல நேர்ந்தால் வண்டியோட்டி மிக மெதுவாகக் கடந்து, சற்றுத் தொலைவில் நிறுத்தி, குனிந்து அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும். சுற்றியிருப்பதைச் சூடு ஆறியபின் அரிவாளால் அறுத்து எடுக்க வேண்டும். விவசாயிகளோ, பரப்பாமலிருப்பதே முறை என்பதை உணர வேண்டும். ஊரில் உலர்களம் இல்லையென்றால் அதற்கு மனுச் செய்வதும், சங்கத்தின் மூலம் கதிரடிக்கும் யந்திரத்தை வாடகைக்குப் பெறுவதும் நேரான வழிகள். நாம் பரப்பிய தாளில் தீப்பற்றும் வண்டி, நமது மஞ்சளையே ஏற்றிச் செல்லும் வண்டியாகவும் இருக்கலாம்.

தீ மூண்டுவிட்டால்

பானெட்டின் இடுக்கில் புகை தென்பட்டால் அதை முழுவதும் திறக்கலாகாது. காற்றுப் புகுந்து தீ ஓங்கும். ஆட்களை இறக்கிவிட்டு, இடுக்கின் வழியே தீயணைப்புக் கருவியின் பொடியைப் பாய்ச்சுக. கருவியின் ஊசியைப் பிடுங்கி, குழலைத் தீயின் அடிப்பாகத்துக்கு நேரே பிடித்து, இருபுறமும் அசைத்து அழுத்த வேண்டும். சிறு கருவி சில விநாடிகளில் தீர்ந்துவிடும் என்பதால் தொலைவிலிருந்து வீணாக்கக் கூடாது. எண்ணெய்த் தீயின் மேல் தண்ணீர் ஊற்றலாகாது, மணல் தூவலாம்.

கருவி தீர்ந்தும் தீ அடங்கவில்லையானால் முயற்சியை விட்டு 30 மீட்டருக்குக் குறையாமல் விலகி, 101 அல்லது 112 எண்ணுக்குச் செய்தி சொல்க. நூல் மூட்டையில் நெருப்புப் பிடித்துவிட்டால் மேலே அணைந்தது போல் தோன்றினும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். மூட்டைகளைக் காப்பாற்ற எண்ணி ஏறுதல் கூடாது. மின்சார பாட்டரியால் ஓடும் புது வகை வண்டிகளில் பாட்டரிப் பெட்டியிலிருந்து சீறும் ஒலியோ வெண்புகையோ வந்தால் கணமும் தாமதியாமல் அகல வேண்டும். அத்தீ அணைந்த பின்னும் மீண்டும் மூளக் கூடியது.

சங்கங்கள் செய்ய வேண்டியவை

முதலாவதாக, நிர்வாகக் குழு ஒரு தீர்மானம் நிறைவேற்றுதல் வேண்டும்: வாடையையோ புகையையோ கண்டு வண்டியை நிறுத்திய வண்டியோட்டியின் மீது, தாமதத்தைக் காரணம் காட்டி எந்தக் குற்றமும் சுமத்தப்படாது, அவர் படியும் பிடிக்கப்படாது. காரியதரிசி தொலைபேசியில் “ஏன் இன்னும் வரவில்லை?” என்று கடிந்து கேட்கும் வழக்கமுள்ள இடத்தில், மேற்சொன்ன குறிப்புகளை எத்தனை முறை படித்துக் காட்டினாலும் பயன் இராது.

இரண்டாவதாக, வண்டியின் ஓட்டப் பதிவேட்டில் வாடை, ஒலி, சூடு ஆகியவற்றைக் குறிக்க ஒரு பத்தி சேர்க்க வேண்டும். ஒரே குறிப்பு இரண்டு முறை வந்தால் வண்டியைப் பட்டறைக்கு அனுப்புவது காரியதரிசியின் கடமை.

மூன்றாவதாக, தீயணைப்புக் கருவி வண்டியோட்டியின் கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும், மூட்டைகளுக்கு அடியிலன்று. அதன் அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று மாதந்தோறும் பார்க்க வேண்டும். உரிய அளவுள்ள பியூஸ்களும் ஸ்பேனர் ஒன்றும் வண்டியில் இருக்கட்டும். எண்ணெய் துடைத்த கழிவுப் பஞ்சை நூலோடு சேர்த்து வைக்காமல் மூடியுள்ள தகரத்தில் இடுக. ஆளிவிதை எண்ணெய் போன்றவை தோய்ந்த பஞ்சு குவியலாகக் கிடந்தால் தானே சூடேறிப் பற்றிக்கொள்ளவும் கூடும். தார்ப்பாயும் கயிறும் புகைக்குழாயின் பக்கம் தொங்காதபடி கட்ட வேண்டும்.

நான்காவதாக, இன்ஷூரன்ஸைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். வண்டிக்கு எடுக்கும் மோட்டார் பாலிசி, அதில் ஏற்றிய சரக்குக்கு ஈடு தராது. வழிப்போக்குச் சரக்குக்குத் தனிப் பாலிசி உண்டு. அதை எடுத்திருக்கிறோமா என்று ஒவ்வொரு சங்கமும் இன்றே கோப்பைப் புரட்டிப் பார்ப்பது நல்லது.

இக்கட்டுரையை வண்டியோட்டிக்கும் சுமை ஏற்றும் தோழர்களுக்கும் ஒருமுறை படித்துக் காட்டி, வாடையின் வகைகளை ஒரு தாளில் எழுதி வண்டியில் ஒட்டி வைக்குமாறு காரியதரிசிகளைக் கேட்டுக்கொள்கிறேன். மேற்சொன்ன தீர்மானத்தை அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.